துபாய்க்கு விற்ற பம்புகள்

என் கணவர் அமெரிக்காவில், பார்சிப்பனியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தார். உலகமெங்கும் விற்ற பம்புகளை இங்கே உட்கார்ந்தபடி கணினியில் கண்காணிக்க வேண்டும். எங்கள் விசாவும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போர் தொடங்கியதும், எதிரி நாட்டுக்கு ஒரு திருகாணிகூட விற்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. கம்பெனியும் வாசலில் பெரிய கொடி ஏற்றி, தேசபக்தியில் உருகியது.

அந்தக் குளிர்காலத்தில், துபாய் டீலருக்கு விற்ற பம்புகள் சில, வெளி வெப்பநிலை மைனஸ் இருபது என்று காட்டின. துபாயில் ஏது உறைபனி? சரக்கு அங்கிருந்து எதிரி நாட்டு எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்விட்டது என்று இவருக்குப் புரிந்துவிட்டது.

சட்டப் பிரிவுக்கு எழுதியிருக்க வேண்டும். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மேலாளர் எங்கள் ஈரோட்டுக்காரர். அவர் வீட்டுப் பொங்கல் விருந்தில், தட்டும் கையுமாக அவரை ஓரங்கட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அண்ணா, உங்ககிட்ட ஃபர்ஸ்ட் சொல்லாம மெயில் போட்டா மரியாதையா இருக்காதுங்க."

"கரெக்டுங்க தம்பி. நான் ஹேண்டில் பண்ணிக்கறேன். எழுத்துல எதுவும் போட்டுராதீங்க."

நம்ம ஊர் ஆள் பார்த்துக்கொள்வார் என்று நானும் நிம்மதியாக இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே இவரால் அந்தப் பம்புகளின் விவரங்களைத் திறக்க முடியவில்லை. பிறகு வேலையே போனது. ஆட்குறைப்பாம்! எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல் என்ன செய்வது என்று வக்கீல் கையை விரித்தார். இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். விசா என்றதுமே ஒவ்வொரு கம்பெனியும் பின்வாங்கியது. வெட்கத்தைவிட்டு மேலாளர் மனைவிக்குப் போன் செய்தேன்.

"அவர் மீட்டிங்ல இருக்காரும்மா" என்றார். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்தான். அப்படியும் மறுநாள் மறுபடி கூப்பிட்டேன்.

கெடு முடியப் போகிற வாரம், பெட்டிகளை இறக்கி வைத்தோம். மகள் வந்து நின்றாள். இங்கேயே பிறந்தவள், பத்தாவது படிக்கிறாள்.

"கம்பெனிதானே லா பிரேக் பண்ணுச்சு? தென் ஒய் ஆர் வி லீவிங்?"

இவர் காலிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். நானும் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே போய்த் தன் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள்.

"அம்மா, ஐ டோன்ட் ஹேவ் டு கோ, ரைட்?"

சட்டப்படி அவள் சொன்னது சரி.