பால்நீலக் கோப்பை

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்பவர்கள் ஆமத்தூர் ரோட்டில் போய்ப் பார்க்கலாம். தகரக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது, போர்டு இன்னும் தொங்குகிறது. அதன் சொந்தக்காரன் சோலைமலை இப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் லோடு இறக்குகிறான். எவர்சில்வர் டம்ளரைத் தவிர வேறெதிலும் டீ குடிக்க மாட்டான். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவான்.

2006. புதுச்சேரியில் நான்கு வருஷம் களிமண் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவன், மனைவி ரோஜாவின் நகையை விற்று ஒரு கேஸ் சூளை போட்டான். கப், ஜாடி, கிண்ணம் என்று அழகழகாகச் செய்தான். போர்டில் 'ஸ்டுடியோ' என்று எழுதியிருந்ததால் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கத்தான் முதலில் ஆள் வந்தது. கப் வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டதும் பூப்போலக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். மாமனார் வேறு, மண்ணைப் பிசைவதற்குப் பாண்டிச்சேரி வரை போய்ப் படித்த மாப்பிள்ளை என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். தீபாவளிக்குள் ஒரு நல்ல ஆர்டர் வராவிட்டால் சூளையை விற்றுவிட வேண்டியதுதான் என்று ரோஜா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆர்டர் வந்தது. நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த லட்சுமிகாந்தம், ஏஜெண்டுகளுக்குத் தீபாவளிப் பரிசாகக் கொடுக்க இருநூறு டீ கப் கேட்டார். ஒரே நிபந்தனை, வேறு எவனிடமும் இல்லாத கலர் வேண்டும். சோலைமலை கொண்டுபோன மாதிரிகளையெல்லாம் பார்த்துவிட்டு ஒற்றை விரலால் தள்ளிவிட்டார்.

கப்பின் மேல் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதே, அந்தப் பூச்சுக்கு அவன் சீமைக் கருவேலஞ் சாம்பல் சேர்ப்பது வழக்கம். அன்று கம்பெனியிலிருந்து தொங்கின முகத்தோடு திரும்பும்போது, பின்பக்கத்தில் ஒரு ஷெட்டைப் பார்த்தான். சித்திரையில் வெடித்துத் தரைமட்டமானது. சாம்பல் குவிந்து கிடந்தது. பட்டாசுக்குக் கலர் தருகிற மருந்தெல்லாம் அதில் வெந்து கிடக்கும். கலர் வராமல் எங்கே போகும்? வாட்ச்மேனிடம் கேட்டான். அள்ளிப் போட ஆளில்லை, தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றார். இரண்டு சிமெண்டுச் சாக்கு நிறைய அள்ளினான்.

சலித்தபோது சல்லடையில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் தங்கின. சுவர்ச் சுண்ணாம்பு என்று நினைத்தான். வீணாக்குவானேன் என்று அம்மியில் வைத்து அரைத்து, அதையும் பூச்சில் சேர்த்தான்.

சூளை ஆறி, திறந்தது உச்சிப் பொழுதில். பார்த்ததும் சோலைமலைக்கு அழுகையே வந்துவிட்டது. சொட்டு நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி, பால் கலந்த நீலம். இனிப் பிழைத்துக்கொள்வோம் என்று நினைத்தான்.

டக்... டக்... டக்...

அவன் பயப்படவில்லை. சூளையிலிருந்து எடுத்த கப் ஆறும்போது மேல்பூச்சு இழுத்துக்கொண்டு இப்படித்தான் சத்தம் போடும். சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். அன்றும் அடங்கியது.

மறுநாள் உச்சியில் மறுபடி ஆரம்பித்தது.

அதற்கு மறுநாளும்.

கப்பைத் தொட்டால் சில்லென்று இருந்தது. ஆறுவதற்கு அதில் சூடே இல்லை. டக்... டக்... டக்... ஒரு சின்ன இடைவெளி. மறுபடி டக். அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். அவன் அம்மா பட்டாசு வேலை பார்த்தவள். காகிதக் குழாய்களை ஒரு வளையத்துக்குள் நெருக்கி நிறுத்தி, மருந்தைக் கொட்டி, அது உள்ளே இறங்கத் தட்டுவார்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்த வளையத்துக்குக் கை போகிற நேரம்தான் அந்த இடைவெளி.

ரோஜாவிடம் அவன் மூச்சுவிடவில்லை. விஷயம் வெளியே போனால் ஆர்டர் கெட்டுவிடும். பேய்ப் பயத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் கப்புகளைப் பலகையில் வரிசையாக அடுக்கினான். கொட்டகையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை.

பூட்டு பூட்டினபடி இருந்தது.

உள்ளே சத்தமே இல்லை.

கதவைத் தள்ளினான்...

பலகை காலி. கப்புகள் தரையில் நின்றன. வட்டமாக... ஒன்றோடொன்று நெருக்கி... வளையம் கட்டினது போல.

ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை சாம்பல்.

சாக்கு இரண்டும் என்றைக்கோ காலியாகிவிட்டன.

நடுக் கப்பின் சாம்பலில் விரல்கள் பதிந்திருந்தன... சின்ன விரல்கள்... பெண்ணின் விரல்கள்.

தொட்டான்.

சூடு.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஆர்டர் அல்லவா? ஒவ்வொன்றாக எடுத்து, சாம்பலைச் சாக்கடையில் கொட்டி, கழுவித் துடைத்து, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்தான். அன்றைக்கே நாரணாபுரத்தில் இறக்கினான். லட்சுமிகாந்தம் ஒரு கப்பை வெயிலில் தூக்கிப் பார்த்து, இதுதானப்பா கலர் என்று தோளில் தட்டினார். விரிசல் விட்ட கப் ஒன்று மட்டும் கொட்டகையிலேயே தங்கியது. உச்சியானால் அது தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

தீபாவளி கழிந்து ஒரு உச்சிப் பொழுதில், பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். வாட்ச்மேன் சொல்லி வந்தாளாம். ஷெட் வெடித்த அன்று, உடம்புக்கு முடியாத பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதிலாக பேச்சியம்மாளின் மகள் பொன்னுத்தங்கம் வேலைக்குப் போயிருக்கிறாள். வருகைப் பதிவில் அவள் பேர் இல்லை. செத்தது இரண்டு பேர், இரண்டு உடலும் கிடைத்தாயிற்று என்று கம்பெனி கையைக் கழுவிவிட்டது. உன் மகள் எவனோடோ ஓடிப்போயிருப்பாள், போய்த் தேடு என்றார்களாம். ஊரும் அதையே பேசியது. மனுஷ ஜென்மங்கள்.

"காரியம் பண்ணணும் தம்பி. ஒரு பிடி சாம்பல் மட்டும் குடுங்க."

அப்போதுதான் சோலைமலைக்கு உறைத்தது. புதுச்சேரியில் மாஸ்டர் ஒரு டப்பா வைத்திருப்பார். மாட்டெலும்பைச் சுட்டு அரைத்த பொடி. பூச்சில் அதைச் சேர்த்தால் பால் போல நிறம் திரளும். சுண்ணாம்பு சேர்த்தால் திரளாது.

அந்தக் கட்டிகள் சுண்ணாம்பு இல்லை.

விரிசல் கப்பை எடுத்து அவள் கையில் வைத்தான். அதுவரை தட்டிக்கொண்டிருந்த கப் சட்டென்று அடங்கியது. சாம்பலெல்லாம் கப்புகளில் பூசியாயிற்று என்றான். அவள் கப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மத்ததெல்லாம் எங்கன இருக்கு?"

மும்பை, டெல்லி, கல்கத்தா என்று சொன்னான்.

"விருதுநகரைத் தாண்டுனதில்ல தம்பி அவ," என்றாள்.

தை மாதம் ஒரு மத்தியானம் லட்சுமிகாந்தம் போன் செய்தார். ஏஜெண்டுகள் எல்லாரும் கேட்கிறார்களாம். அவரே தினமும் அந்தக் கப்பில்தான் டீ குடிக்கிறாராம். அடுத்த தீபாவளிக்கு அதே கலரில் ஐந்நூறு வேண்டும் என்றார். வெடித்த ஷெட்டில் அள்ளின சாம்பல்தான் அந்தக் கலர், அது இனிமேல் கிடைக்காது என்று சோலைமலை சொன்னான்.

அந்தப் பக்கம் டீயை உறிஞ்சும் சத்தம். பிறகு கப்பை மேஜையில் வைத்தார்.

டக்... டக்... டக்... ஒரு சின்ன இடைவெளி.

"கெடைக்கும் தம்பி," என்றார். "சீசன் வரட்டும்."