மோட்டார் கொட்டாயில் கிடந்தவன்

சிட்டம்மாள் லேசில் பயப்படுகிறவள் இல்லை. புருஷன் போனபின் கொழுந்தன் வேதகிரி நிலத்தைக் கேட்டு வந்தபோது, களைக்கொட்டோடு வரப்பில் நின்று திருப்பி அனுப்பியவள். ஆனால் அன்று காலை மோட்டார் கொட்டாய்க் கதவைத் திறந்ததும் அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. உள்ளே சாக்கின் மேல் ஒருவன் ஜுரத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

பின்னாலேயே பிலோமினா ஓடிவந்தாள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பின் இலங்கை மன்னாரிலிருந்து படகில் வந்தவள். உத்திரமேரூருக்கு வெளியே பழைய நெல் கிடங்கில் இருந்த அகதி முகாமிலிருந்து சிட்டம்மாளிடம் நடவுக்கு வருவாள்.

"என்ரை மனுசன் அக்கா. போன கிழமைதான் படகிலை வந்தவர். காட்டிக் குடுத்திடாதேங்கோ!"

படகில் வந்தவர்கள் உடனே போலீசில் பதிய வேண்டும், ஒளித்து வைப்பவர்கள்மேல் கேஸ் என்று ஊரில் தண்டோரா போட்டிருந்தார்கள்.

"இன்னாத்துக்கு ஒளிஞ்சிகினு கீறான்? போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"இயக்கக்காரன் எண்டு மறியல்லை, சிறையிலை போட்டிடுவினம் அக்கா."

அதற்குள் மடை திறக்க வந்த வேதகிரி எட்டிப் பார்த்துவிட்டான். "போலீசுக்குச் சொல்லிட்டு வரேன். உன்னால எங்க தலையும் உருளணுமா, அண்ணி?" என்று சைக்கிளை மிதித்தான்.

"கரும்புக்குள்ளை ஒளிப்பம் அக்கா!" பிலோமினா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

சிட்டம்மாள் கையை விடுவித்துக்கொண்டாள். "அவங்க வந்து புடிச்சா இவன் திருடன். நாமளே போனா அகதி. தூக்கு அவனை."

பிலோமினா அலறியதைக் காதில் வாங்காமல் வண்டியில் மாட்டைப் பூட்டி அவனை ஏற்றினாள். ஏரிக்கரை திரும்பும்போதே எதிரே ஜீப் வந்துவிட்டது. வேதகிரியும் அதில் இருந்தான். ஏட்டு குதித்து இறங்கினார்.

"எங்க கடத்திகினு போற?"

"கடத்தல சாமி. பதிவு பண்ண ஸ்டேஷனுக்குத்தான் இட்டாறேன். மாட்டு மூஞ்சி எந்தப் பக்கம் கீதுன்னு பாருங்க."

ஏட்டு வண்டியைப் பார்த்தார், வேதகிரியைப் பார்த்தார். கையிலிருந்த விலங்கை ஜீப்பில் போட்டார்.

ஆனாலும் பிலோமினாவின் புருஷனை விடவில்லை. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு விசாரணைக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாம். தானே கொண்டுவந்ததாகச் சிட்டம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்தபோது, பிலோமினா அவள் முகத்தில் விழிக்காமல் நடந்தாள். அப்புறம் நடவுக்கும் வரவில்லை. தப்பு பண்ணிவிட்டோமோ என்று சிட்டம்மாளுக்குச் சோறே இறங்காமல் போனது. வாரா வாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டாள்; "எங்களுக்குத் தெரியாதும்மா" என்பார்கள்.

அறுவடை முடிந்த ஒரு மத்தியானம் இருவரும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். விசாரணை முடிந்து, மனைவி இருக்கும் முகாமிலேயே அவனைச் சேர்த்துவிட்டார்களாம்.

"அண்டைக்கு உங்களைச் சபிச்சனான் அக்கா," என்றாள் பிலோமினா.

"தெரியும். வூட்டுக்குள்ள வாங்க, சாப்புடுங்க."

சிட்டம்மாள் இரண்டு இலை போட்டுச் சோறு போடப் போனாள். கரண்டியைப் பிலோமினாவே வாங்கிக்கொண்டாள்.