சுங்கை ஆயர் தாவாரிலிருந்து இருபத்தொரு மாம்பழங்கள்

சென்ற மாம்பழப் பருவத்தில், ஒரு சனிக்கிழமை, என் மகளுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் தட்டுதான் முதலில் சபைக்கு வர வேண்டும். அந்தத் தாய்மாமன், என் மனைவியின் தம்பி குணா, சுங்கை ஆயர் தாவாரில் மாந்தோப்பு வைத்திருக்கிறான். அவனோடு நான் பேசி ஆறு வருடமாகியிருந்தது. வேலை போய் நான் வீட்டில் இருந்த நாட்களில், ஒரு கல்யாணப் பந்தியில், "படிச்சவரு சும்மா இருக்கக் கூடாது லா, என் தோட்டத்துக்கு மண்டோரா வந்துடுங்க மச்சான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். பந்தியே சிரித்தது. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் மண்டோர் என்ற கங்காணியிடம் ஏச்சு வாங்கிப் பால்மரம் வெட்டியவர். நான் பட்டம் வாங்கியது இப்படி ஒரு பேச்சைக் கேட்பதற்காக அல்ல. அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் கை நனைத்ததில்லை.

நிச்சயத்துக்கும் அழைப்பை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். நேரில் வந்து சொல்லாத அழைப்புக்குத் தாய்மாமன் வரமாட்டான் என்பது தெரிந்தே அனுப்பினேன். "மாமா வரலைன்னா அவர் மரத்துப் பழமாவது தட்டுல இருக்கணும்பா" என்றாள் மகள். அவள் கேட்டது அது ஒன்றுதான். கன்றிய பழத்தைத் தட்டில் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே வெள்ளிக்கிழமை நானே கிளம்பினேன்.

ரவாங்கில் என் வீட்டிலிருந்து காலை 6.40க்குப் புறப்பட்டேன். கோலசிலாங்கூர் வழியாக என் மீட்டரில் 118 கிலோமீட்டர். தஞ்சோங் காராங் வரை சாலை நன்று. அதற்குமேல் ஒட்டுப்போட்ட சாலை. சுங்கை பஞ்சாங் பிரியும் பக்கம் வண்டி நன்றாகவே தூக்கிப் போடும். அதனால் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். பழத்துக்குப் போர்த்தும் நுரை வலை நூறு, விலை 14 வெள்ளி. ஆழமில்லாத அட்டைப்பெட்டி மூன்று. ஒரு பெட்டிக்கு ஏழு பழம், ஒரே அடுக்கு, இடைவெளியில் கசக்கிய செய்தித்தாள். பெட்டியை ஆட்டினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது.

ஒன்பது மணிக்குத் தோப்பில் இருந்தேன். நிச்சயத் தட்டுக்கு இருபத்தொரு பழம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். குணா காம்போடு பறித்துக் கொடுத்தான். நான் காம்பை ஒட்ட நறுக்கி வலையை மாட்டினேன். "பால் வடியணும் மச்சான். ரெண்டு மணி நேரம் உக்காருங்க" என்றான். என்னை உட்காரவைத்துச் சோறு போடப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. 9.40க்குக் கிளம்பிவிட்டேன்.

பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, சுங்கை புசாரில் தேநீர் குடித்துவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தேன். ஒரு பழமும் அடிபடவில்லை. ஆனால் காம்பிலிருந்து வடிந்த பால் வலைக்குள் தேங்கி, தோலெல்லாம் ஒழுகியிருந்தது. ஈரத்தாளால் துடைத்தேன், இன்னும் பரவியது. சில இடங்களில் தோல் பழுப்பேறத் தொடங்கிவிட்டது. மறுநாள் காலைக்குள் அது கறுத்து, தீய்ந்ததுபோல் ஆகிவிடும். மற்ற இரண்டு பெட்டிகளும் அப்படித்தான். கடையில் வேறு மாம்பழம் வாங்கிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மகளிடம் என்ன சொல்வது? வண்டியைத் திருப்பினேன்.

தோப்பில் இன்னொரு இருபத்தொன்று காத்திருந்தது. மரச் சட்டத்தின்மேல், காம்பு கீழே பார்க்க, வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். நான் கிளம்பியதுமே பறித்துவிட்டானாம். கிண்டலுக்குத் தயாராகத்தான் இறங்கினேன். "பாதிப் பால் வடிஞ்சிருச்சு. இன்னும் ஒரு மணி நேரம். சாப்பிடுங்க" என்றான், அவ்வளவுதான். பாகான் நக்கோடா ஓமாரில் பிடித்த மீன், குழம்பு, சோறு. சாப்பிட்டேன்.

கை கழுவும்போது சொன்னேன்: "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு. நேர்ல வந்து சொல்றேன். வந்துடு."

அவன் துண்டை நீட்டினான். "அப்ப பழத்த நானே கொண்டாறேன்."

"உன் லோரியிலயா? வேணாம், குழம்பா வந்து சேரும்."

சிரித்தான். நானும் சிரித்திருக்கலாம்.

12.15க்குப் புறப்பட்டு 2.50க்கு வீடு சேர்ந்தேன். இருபத்தொன்றும் ஒரு கீறல் இல்லாமல் வந்தன. மறுநாள் குணா எட்டரைக்கே வந்து தட்டைத் தூக்கினான். பழைய பேச்சுக்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்றும் யாரும் எண்ண வேண்டாம். மகள் முகத்தைப் பார்த்தபோது, இதை வாட்ஸ்அப்பில் முடிக்கப் பார்த்தோமே என்று மட்டும் தோன்றியது.

போக எண்ணுபவர்களுக்கு: பெட்ரோல், டோல் சேர்த்து ஏறக்குறைய 50 வெள்ளி. நுரை வலையைப் பால் முழுதும் வடிந்தபின் மாட்டுங்கள். பெட்டியைப் பின்னிருக்கையில் வையுங்கள், வண்டியின் பின்பெட்டியான பூட்டில் வேண்டாம். தோட்டக்காரர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். உட்காராததற்கு எனக்கு முப்பது கிலோமீட்டரும் இருபத்தொரு பழமும் செலவாயின.