கழுதைக்கு வேலி கட்டிய கலாநிதி

"'மனோதத்துவ விரிவுரையாளர் ஒருவர் தேவை.' கேட்டுக்கொள்ளுங்கோ அக்கா, அடுத்த வரிதான் விசேஷம். 'தர்க்க சாஸ்திரமும் வேதபாடமும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும். பின்னேரத்தில் பந்தடி பழக்கக்கூடியவர் விரும்பத்தக்கவர்.' மூண்டுக்கும் ஓம் எண்டுதான் எழுதப்போறன். பந்து வந்தால் விலகி நிக்க எனக்கு நல்லாத் தெரியும். அதையே பழக்கிவிடுறன்."

முற்றத்தில் மீனை வகிர்ந்து உப்புத் தடவிக்கொண்டிருந்த மாக்கிறட் தலை நிமிரவில்லை. "போன கிழமை விளம்பரத்திலை சங்கீதம் கேட்டிருந்தான். அதுக்கும் ஓம் எண்டுதானே எழுதினனீ," என்றாள்.

சனிக்கிழமை தோறும் மன்னார்க் கரையோரக் கிராமமான கீரியில் நடக்கிற வாசிப்பு இது. ரயிலில் வருகிற சென்னைப் பத்திரிகையையும் கொழும்புப் பத்திரிகையையும் மன்னார் வாசிகசாலையில் எல்லோரும் படித்து முடித்த பிறகு எமிலியானுஸ் இரவல் வாங்கி வருவார். தேசத் தலைவர்கள் சிறைக்குப் போவதும் வருவதும், சீமையில் மந்திரிசபை கவிழ்வதும் அவருக்கு ஒரு பொருட்டல்ல. நேரே வேலை விளம்பரத்துக்குப் போய்விடுவார். கதிரையில் சாய்ந்து, பூசைப் பிரசங்கம் மாதிரி நீட்டி முழக்கி வாசிப்பார். வாசிக்கிறபோது கோட் போட்டிருப்பார். கல்கத்தாவில் மனோதத்துவத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கிய அன்று போட்ட கோட் அது. கீரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவதற்கு அவர் சொல்லும் நியாயம், "உத்தியோகம் திடீரெண்டு வந்தால் உடுப்பு மாத்த நேரம் இராது" என்பது.

தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்று சொல்வது அவருக்கு அபூர்வம். "கலாநிதிக்குப் பசிக்குது." "கலாநிதி குளிக்கப் போறார்." ஊரார் பரிகாசம் பண்ணுவதற்கு முன் தானே பண்ணிவிடுவது அவருடைய தற்காப்பு. ஒரு கல்லூரி, அனுபவம் போதாது என்று அவரைத் தள்ளியது. இன்னொன்று, எங்கள் கல்லூரிக்கு உமது தகுதி அதிகம் என்று தள்ளியது. "ஒருத்தன் குட்டை எண்டுறான், மற்றவன் நெட்டை எண்டுறான். அளக்கிற கோலை என்னட்டைத் தந்தால் நானே அளந்து சொல்லிப்போடுவன்" என்று கோயில் வாசலில் நின்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பெல்லாம் வாசலோடு சரி. கருவாடு காயவைத்துப் பிழைக்கிற அக்காவின் வீட்டில் மறுசோறு போடச் சொல்லி அவர் கேட்டதில்லை.

அந்த வருஷம் பங்குனியில், வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு விளம்பரத்தில் குரலை நிறுத்திவிட்டார். தென்னிந்தியக் கல்லூரி ஒன்று, கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் மேலும் ஆராய்ச்சி செய்வதற்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிறதாம். பந்தும் கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. சொந்தமாகச் செய்த பரிசோதனை ஒன்று இருந்தால் போதுமாம். நன்றாகச் செய்தவருக்கு முடிவில் அங்கேயே உத்தியோகம்.

மனோதத்துவக்காரர்கள் வெள்ளெலியைச் சிக்கல் வழிக்குள் விட்டு, அது வழி கற்றுக்கொள்வதைப் பார்ப்பார்கள். கீரியில் வெள்ளெலி கிடையாது. கறுப்பெலியையும் மீன் வாடைக்கு வந்து குடியேறிய பூனைகள் மிச்சம் வைக்கவில்லை. மன்னாரில் கேட்பாரில்லாமல் கிடைப்பது கழுதை. உப்புப் பொதி சுமந்து ஓய்ந்துபோன ஒன்றை, ஜுனைதீன் என்ற வியாபாரி, "ஒண்டும் தரவேண்டாம் தம்பி, கொண்டு போனாலே புண்ணியம்" என்று தள்ளிவிட்டார். எமிலியானுஸ் அதற்கு லெக்சரர் என்று பெயர் வைத்தார். "கலாநிதிக்குத்தான் அந்தப் பதவி கிடைக்கேல்லை. இதுக்காவது கிடைக்கட்டும்."

ஒழுங்கைச் சந்துக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்த வெறும் வளவில், ஆள் உயரத்துக்குப் பனையோலை வேலிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டினார். ஒழுங்கைப் பக்கம் வாசல். கிணற்றடியில் ஒரு மரத்தொட்டி நிறைய நல்ல தண்ணீர். லெக்சரரை வாசலால் உள்ளே விட்டுவிட்டு, இவர் கதிரையைப் போட்டுக் கையில் மணிக்கூட்டோடு வெளியே உட்கார்ந்திருப்பார். முதல் திருப்பத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டதும் நேரத்தைக் குறித்துக்கொள்வார். தொட்டியை நிரப்பவும் லெக்சரரைத் திரும்பக் கொண்டுவரவும் ஒழுங்கையால் சுற்றிக் கிணற்றடிக்குப் போவாரே தவிர, வேலிக்குள் கால் வைப்பதில்லை.

முதல் நாள் லெக்சரர் காலையில் உள்ளே போய்ச் சாயந்தரம்தான் தண்ணீர் குடித்தது. ஒரு மாதம் கழித்து, அவர் கதிரையில் சரியாகச் சாய்வதற்குள் உறிஞ்சும் சத்தம் கேட்டது. எமிலியானுஸுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எந்த எலியும் இப்படிப் படித்ததில்லை. எழுதி அனுப்பினார். பதில் அந்தக் கல்லூரியின் வெள்ளைக்காரப் பேராசிரியரிடமிருந்தே வந்தது. கப்பலில் தலைமன்னாருக்கு வந்து கொழும்புக்குப் போகிற வழியில் மன்னாரில் இறங்கித் தங்குவதாகவும், கழுதையைக் கண்ணால் பார்த்துவிட்டால் உபகாரச் சம்பளம் உமக்குத்தான் என்றும் அந்த வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். மாக்கிறட் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்.

பேராசிரியர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம், காற்றுக்குத் தளர்ந்த ஓலையை இறுக்கிக் கட்டலாம் என்று எமிலியானுஸ் நாரும் கையுமாக வேலிக்குள் போனார். முதல் திருப்பத்தில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வேலியில் பொட்டு இருந்தது. ஓலையை விலக்கி ஆள் குனிந்து நுழைகிற அளவு வழி. அதற்கு நேரே அடுத்த வேலியிலும் ஒன்று, அதற்கு நேரே இன்னும் ஒன்று. கடைசிப் பொட்டுக்குள்ளால் கிணறு தெரிந்தது. சேலை கிழியாமல் ஓரங்களை நாரால் மடித்து அழகாகக் கட்டியிருந்தது. நிலம் கால்பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொட்டுக்குள்ளால் முதலில் ஒரு குடமும், பிறகு பக்கத்து வீட்டு றஞ்சிதமும் வந்தார்கள். றஞ்சிதத்துக்குப் பின்னால் லெக்சரர் வந்தது. அதற்குக் குனியவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"றஞ்சிதமக்கா, என்ன இது?"

"பொட்டு. ஏன் தம்பி?"

"ஆர் வைச்சது?"

"நான்தான். வேலி எண்டால் பொட்டு வேணுந்தானே? கிணத்துக்கு நான் ஊரைச் சுத்தியே வாறது? நீங்கள் படிச்ச பிள்ளை, மறந்துபோனியள் ஆக்கும் எண்டு நானே வைச்சுப்போட்டன்." அவள் குடத்தை இடுப்பு மாற்றினாள். "இந்தச் சீவன்தான் பாவம் தம்பி. வழி தெரியாமல் உள்ளுக்கை சுத்திச் சுத்தி நிண்டுது. நீங்கள் சாப்பிடப் போன நேரம் இஞ்சாலை வா எண்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். இப்ப தானாப் போகுது. நல்ல விளக்கம் உள்ளது."

எமிலியானுஸ் மண்ணில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கீரியில் பிறந்து வளர்ந்தவன், அயலவருக்குப் பொட்டு விடாமல் ஒரு வேலியைக் கட்டிவிட்டு அது அப்படியே நிற்கும் என்று நம்பியிருக்கிறான். மனிதருடைய மனசைப் படிக்கத்தான் கல்கத்தாவுக்குப் போனான். "கலாநிதிப் பட்டத்தைக் கழுதைக்குக் குடுத்திருக்கலாம்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. றஞ்சிதம் பயந்துபோய் மாக்கிறட்டைக் கூப்பிட்டாள்.

மாக்கிறட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தம்பியின் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னாள். "துரை வாசலிலைதானே இருக்கப்போறார். உள்ளுக்கை போய்ப் பார்க்கப்போறாரே? நீ வாயைத் திறக்காதை. பூசைக்குப் போனால் தம்பிக்கு இன்னும் சரிவரேல்லையோ எண்டு கேக்குதுகள். எனக்கு மறுமொழி சொல்லிக் களைச்சுப்போச்சு."

அவர் மண்ணிலிருந்து எழுந்து, கொண்டுவந்த நாரால் தளர்ந்த ஓலையை இறுக்கிக் கட்டினார். அவருக்கும் அந்த உத்தியோகம் வேண்டும். அக்காவை விடவும் அதிகமாக வேண்டும்.

மறுநாள் காலை பேராசிரியர் மாட்டு வண்டிலில் வந்து இறங்கினார். வெயிலில் சிவந்த மனிதர், தலையில் பெரிய தொப்பி. எமிலியானுஸ் கோட் போட்டிருந்தார். லெக்சரர் உள்ளே போனது. பேராசிரியர் கதிரையில் சாய்வதற்குள் உறிஞ்சும் சத்தம் கேட்டது. மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். மறுபடி விடச் சொன்னார். மறுபடியும் அப்படியே. எழுந்து எமிலியானுஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அடுத்த மாதமே வந்துவிட வேண்டும், இருக்க வீடு உண்டு, வேண்டிய மட்டும் வெள்ளெலி உண்டு, வருஷக் கடைசியில் விரிவுரையாளர் பதவியும் உண்டு என்றார். இங்கிலீஷ் விளங்காவிட்டாலும், கை குலுக்குகிற குலுக்கலில் மாக்கிறட்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று பேராசிரியர் கையை வாயருகே காட்டிக் கேட்டார்.

"நீங்கள் இருங்கோ துரை, நான் சுத்திப் போய் அள்ளிக்கொண்டு வாறன்," என்று மாக்கிறட் செம்போடு அவசரமாக ஒழுங்கையில் இறங்கினாள்.

பொட்டு கிட்ட இருக்க ஊரைச் சுற்றிப் போகிறவளை எமிலியானுஸ் பார்த்தார். அந்தச் செம்பைப் பார்த்தார். பிறகு பேராசிரியரின் முழங்கையை மெல்லத் தொட்டு, வேலிக்குள் கூட்டிக்கொண்டு போனார். முதல் திருப்பத்தில் நின்று ஓலையை விலக்கினார். கோட்டோடு குனிந்து தான் முதலில் அந்தப் பக்கம் போனார். அங்கிருந்து ஒரு கையால் ஓலையைத் தூக்கிப் பிடித்து, மறு கையைப் பேராசிரியரின் தலையில் மட்டை இடிக்காமல் மேலே வைத்துக்கொண்டு, கீரியில் யாரும் யாருக்கும் சொல்வதையே சொன்னார்.

"தலை கவனம். குனிஞ்சு வாங்கோ."