கடைசி மூன்று எண்கள்

காக்ஸ் டவுன் எஸ்.டி.டி. பூத்தில், தோளை அறுக்கும் பையோடு நிற்கிறேன். பத்திரமாக வந்து சேர்ந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஓர் அம்மா, கழுத்தில் சின்னச் சிலுவை. துபாயில் இருக்கும் மகளுக்கு வீட்டுப் போன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏழு வருடம் காத்திருந்து நேற்றுதான் போன் இணைப்பு வந்ததாம். நான்கு எண்களைச் சொன்னவர் சட்டென்று நிறுத்தி, ரிசீவரையும் சீட்டையும் என்னிடம் நீட்டுகிறார்.

“மீதி மூணையும் நீங்க சொல்லிடுங்க தம்பி. என் வாயால வராது.”

சீட்டைப் பார்க்கிறேன். மீதி மூன்று எண்களுமே ஆறு.

“இதுல என்னம்மா இருக்கு?”

“பைபிள்ல அது மிருகத்தோட நம்பர், தம்பி. சாத்தானோட ஆளு. போன் அடிச்சா நீங்களே எடுங்க, நான் தொட மாட்டேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்.” கண் கலங்கியிருக்கிறது.

எரிச்சலை அடக்கிக்கொண்டு மூன்று ஆறுகளையும் சொல்கிறேன். மறுமுனையில் மகள் சிரிக்கிறாள்.

“மூணையும் கூட்டினா பதினெட்டுன்னு அம்மாகிட்ட சொல்லுங்கண்ணா. பதினெட்டு வருஷம் கூனியா இருந்த பொம்பளய இயேசு நிமிர்த்துனாரே, அந்தக் கதைய எனக்குச் சொன்னதே அவங்கதான்.”

அப்படியே சொல்கிறேன். அம்மா விரல் மடக்கிக் கூட்டிப் பார்க்கிறார். இரண்டாவது முறையும் கூட்டுகிறார். பிறகு ரிசீவரை வாங்கிக்கொள்கிறார்.

“எழுதிக்கோ கண்ணு. ஆறு. ஆறு. ஆறு.” குரல் நடுங்கி நிலைக்கிறது. “நாளைக்குச் சாயங்காலம் பண்ணு. நான்தான் எடுப்பேன்.”