வெட்டாத தாள்கள்

பின்னேரம் நாலேகால். மேசையில் பச்சைத்துணி அட்டை போட்ட புத்தகமும் பக்கத்தில் நாலாய் மடித்த கொப்பித்தாள் ஒன்றும் கிடந்தன. பள்ளிக்கூடத்தால் வந்து எங்கள் கொக்குவில் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டவை அவைதான். பிறகே அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எண்பத்தாறாம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது.

அப்பப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்த பழைய ஆங்கிலக் காதல் நாவல் அது. இரண்டு சகோதரிகளின் கதை. மூத்தவள் மனத்திலுள்ளதை வெளியே காட்டமாட்டாள், இளையவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அந்தக் காலத்துப் பதிப்பு என்பதால் தாள்கள் ஓரத்தில் ஒட்டியபடி இருந்தன. வாசிப்பவர் கத்தியால் வெட்டிக்கொண்டே போகவேண்டும். சின்னக்கா பாதிவரை வெட்டியிருந்தாள். அவள் அதை வாசித்து அழுவது வீடறிந்த செய்தி.

கறையான் பார்க்க அலுமாரியை ஒதுக்கிய அம்மாவுக்கு, கடைசிப் பக்கங்களில் வெட்டாத தாள்களின் இடுக்கிலிருந்து அந்தக் கடிதம் கிடைத்தது. பெயர் இல்லை. 'வெள்ளி ஐந்து மணிக்கு நல்லூர்க் கோயில் தேர்முட்டியடியில் நிற்பேன். வருவீர்தானே?' சின்னக்காவுக்கு வெள்ளியில் நல்லூரில் ரியூசன் வகுப்பு.

"உந்தப் புத்தகத்தை ஆர் வாசிக்கிறது?" அம்மா என்னைக் கேட்டார்.

"சின்னக்கா."

உண்மையைத்தான் சொன்னேன். வியாழக்கிழமைகளில் அலுமாரி துடைக்கும் பெரியக்கா, அந்தப் புத்தகத்தை மட்டும் அறைக்குள் கொண்டுபோய்த் துடைப்பதையும் கண்டிருந்தேன். அம்மா அதைக் கேட்கவில்லை.

"எனக்கு வந்த கடிதமெண்டா ஒளிப்பனே அம்மா? உங்களுக்கே வாசிச்சுக் காட்டியிருப்பன்," என்றாள் சின்னக்கா.

"வாயைப் பார். கொக்கா பெரியவளைப் பாத்துப் பழகு."

பெரியக்கா குனிந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கதையிலை மூத்தவளும் காதலிச்சவள்தான் அம்மா. சொல்லேல்லை, அவ்வளவுதான்," என்றாள் சின்னக்கா.

கத்தி நின்றது. பெரியக்கா நிமிராமலே சொன்னாள்.

"உவளை இனி ரியூசனுக்கு விடாதேங்கோ அம்மா. வீட்டிலை இருந்து படிக்கட்டும்."

பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. கணக்குப் பாடம் முழுக்க அந்த ரியூசனில்தான். அம்மா அதை அன்றோடு நிறுத்தினார். சின்னக்கா அன்று அழவில்லை. அழாததையும் அம்மா குற்றமாகவே எடுத்துக்கொண்டார். பெரியக்காவின் பொறுப்பை அயலெல்லாம் சொல்லி மெச்சினார். நானும் பெரியக்காவின் பக்கமே நின்றேன். கத்தி ஏன் நின்றது என்று யோசிக்கவில்லை.

அந்த வெள்ளி பெரியக்கா வழமைபோல் அர்ச்சனைத் தட்டோடு நல்லூருக்குப் புறப்பட்டாள். நானும் வரட்டோ என்று கேட்டேன். வெயில், வேண்டாம் என்றாள். மணி நாலரை, வானம் மூடிக் கிடந்தது.

சின்னக்கா அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை.