கைலாசநாதர் கோயிலில் மாட்டிக்கொண்டேன்

அறுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மழைநாளில் காஞ்சிபுரத்தில் நடந்தது இது. பிள்ளைகளே, உங்கள் அம்மா இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாலாஜா பக்கத்தில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். தனியாக இருக்கும்போதும் கூச்சம் விடாது. "சாப்புட வாங்க" என்பதற்கு மேல் உங்கள் அம்மாவின் குரலை நான் கேட்டதில்லை. காமாட்சி அம்மனுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டு, ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி, என் அம்மா எங்கள் இருவரை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினாள்.

அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. உங்கள் அம்மாவோ அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. "இவ்ளோ தண்ணி எங்கங்க போவுது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "எல்லா வூட்லயும் டக்கு டக்குன்னு இன்னா சத்தம்?" என்றாள். தறி ஓடுகிறது என்று சொன்னேன். "அப்ப மழையில சாயம் போட்ட நூல எப்டிக் காய வெப்பாங்க?" அதுவும் தெரியவில்லை. எட்டாவது வரை படித்தவன் நான். புதுப்பெண்டாட்டியிடம் எத்தனை முறைதான் தெரியாது என்று சொல்வது?

ஒரே குடையில் பாதி நனைந்துகொண்டே நடந்து, ஊருக்கு வெளியே வயல் பக்கமாக இருந்த கைலாசநாதர் கோயிலில் போய் ஒதுங்கினோம். குருக்கள் காலைப் பூசையை முடித்துவிட்டுப் போயிருந்தார். தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஒரு காவல்காரர் மட்டும் இருந்தார். கருவறை வாசலை ஒட்டி, சுவரில் ஒரு பொந்து இருந்தது.

"இதுல பூந்து சாமிய சுத்திக்கினு அந்தாண்ட பொந்து வழியா வந்துட்டா அடுத்த ஜென்மமே கெடையாதுன்றாங்கபா" என்றார் அவர்.

"நீங்க போய் வந்துட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு? இந்த ஜென்மத்துல ஒண்ணும் சரியா அனுபவிக்கல. எனக்கு இன்னொண்ணு வேணும்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"உள்ள இன்னா இருக்குது?" என்றாள் அவள். இதற்காவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன்.

உள்ளே எழுந்து நிற்கலாம். ஆனால் திரும்ப இடமில்லை. ஒரே இருட்டு. சுவரைத் தடவித் தடவிச் சுற்றி வந்து, அடுத்த பொந்தில் தலையையும் ஒரு கையையும் வெளியே நீட்டினேன். மார்பு மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்கக் கல் இன்னும் இறுக்கியது. உயிர் இங்கேயே போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"அந்த ஆள இட்டுக்கினு வரட்டா?" என்றாள்.

"போவாத! என்ன வுட்டுட்டுப் போவாத!"

அவள் என் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"இப்பவா?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஜன்னல் இடுக்குல பாத்தேன். முன்னால குந்திக்கினு இருந்தாரே உங்க மாமா, அவருதான் மாப்ளன்னு நெனச்சிட்டேன். ராத்திரி பூரா அழுதேன்."

என் மாமாவின் தொப்பையும் கிருதாவும் கண் முன்னால் வந்தன. "ஐயோ, அவரா?" என்றேன்.

"அவரேதான். அவரு மட்டும் இதுல மாட்டியிருந்தாருன்னா, கோயில இடிச்சித்தான் எடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்போடு வெளியே போக, உடம்பு தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து அவள் என் கையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறிக்க வெளியே வந்து விழுந்தேன்.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள், "சரி, உள்ள இன்னா இருந்துச்சி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வெறும் இருட்டு."

அவளுக்கு அது போதவில்லை. நான் தடுப்பதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது வெளியே நின்று பதறியது நான். அவள் ஆற அமரத்தான் வந்தாள்.

"உள்ள மழ சத்தமே கேக்கலங்க. நீங்க கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை.

மழை விடும் வரை மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தோம். இப்போது கேள்வி கேட்டது நான். எந்தப் பள்ளிக்கூடம், ஏன் படிப்பை நிறுத்தினார்கள், கல்யாணத்தன்று என்னை நன்றாகப் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "பரவால்லன்னு இருந்துச்சி" என்று கடைசிக் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொன்னாள். ஒரே வீட்டில் இருந்தும் அதுவரை இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தோன்றியதில்லை.

இன்றைக்கும் வீட்டில் யாராவது பேசாமல் ஒதுங்கி இருந்தால், தெரிந்த முகம்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து எதையாவது கேட்டுவிடுகிறேன்.